எண்ணிக்கை ஒன்று, நல்ல நிலையில்

என் மனைவியை நான் ஒரு கலைக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று வெளியில் ஒரு பேச்சு இருக்கிறது. பேச்சு உண்மைதான். ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை. பசியில் செய்தது. பசியைவிடப் பயத்தில் செய்தது. நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன், பிறகு திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

நான் ஒரு பம்பு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எங்கள் ஸ்டோருக்குள் எது வந்தாலும், வெளியே எது போனாலும் படிவம் மூன்று பிரதி. வெள்ளை ஆபீசுக்கு, ரோஸ் எதிர்த் தரப்புக்கு, மஞ்சள் எனக்கு. "எண்ணிக்கை இவ்வளவு, நல்ல நிலையில்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். அந்தக் கையெழுத்தை யாராலும் படிக்க முடியாது என்பது வேறு விஷயம். தொழிற்சாலையில் எனக்குப் பட்டப்பெயரே 'கையெழுத்து'தான். என் மனைவி வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். சட்டைக் காலரின் உள்பக்கம் எப்போதும் ஒரு ஊசி, அதில் ஒரு முழம் நூல் சுற்றிக் குத்தியிருக்கும். இந்த ஊசியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கலைக்கூடத்தில் எங்களைச் சோதனை போட்டவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

இந்த வருஷச் சரக்குச் சோதனையில் ஒரு வாஷர்கூடக் குறையவில்லை. மேனேஜர் சந்தோஷப்பட்டு ஒரு கூப்பன் கொடுத்தார். புதிதாகத் திறந்த கலைக்கூடத்துக்குள் இருக்கிற உணவகத்தில் இருவருக்கு மதியச் சாப்பாடு.

"நீங்க போகலையா சார்?" என்று கேட்டேன்.

"நான் ஒரு தடவை போய்ட்டு வந்துட்டேன்பா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

"படம் மாட்டற இடத்துல சாப்பாடு எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"தெரியலம்மா. கூப்பன்ல போட்டிருக்கு."

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு குடையில் இரண்டு பேரும் போனோம். கட்டடத்துக்கு வாசல் இல்லை. சாம்பல் நிறச் சுவர்தான் இருந்தது. இரண்டு தடவை சுற்றி வந்தோம். மூன்றாவது சுற்றில் சுவரிலேயே ஒரு துண்டு விலகி, கறுப்புக் கோட்டுப் போட்ட காவலர் ஒருவர் வெளியே வந்தார். எங்களைச் சோதனை போட்டு, மனைவியின் பையை வாங்கி அலமாரியில் பூட்டினார். என் குடையை மட்டும் இரண்டு கைகளாலும் ஏந்தி வாங்கினார்.

"ஈரம் ஓவியத்துக்கு ஆகாது சார். குடை இங்கயே இருக்கட்டும். இதுக்குப் பேப்பர் வரும், கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

பேப்பர் வரும் என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெம்பு வெகு நேரம் திரும்பி வரவில்லை.

உள்ளே பெரிய கூடம். பேச்சுச் சத்தமே கிடையாது. பத்துப் பதினைந்து பேர் சுவரில் மாட்டியிருந்த ஒரு தீயணைப்பு உருளையைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தீயணைக்க வைத்ததா, பார்க்க வைத்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தேன். எங்கிருந்தோ பீப் என்று கத்தியது. பதினைந்து பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "தரையில கோடு இருக்கு பாருங்க" என்று ஒரு அம்மாள் மெதுவாகச் சொன்னாள். வெள்ளைத் தரையில் வெள்ளைக் கோடு. அன்றைக்கு மொத்தம் பதினேழு தடவை அந்த பீப் கேட்டது. பதினைந்து என் கணக்கு.

கூடத்தின் நடுவில் கயிறு கட்டி உணவகம். எங்களுக்கு ஒருவன் நாற்காலியைக் காட்டினான்.

"சர்வர் தம்பி, கொஞ்சம் தண்ணி..." என்று ஆரம்பித்தேன்.

"நான் சர்வர் இல்ல சார். விளக்குநர்."

"சரிங்க. தண்ணி?"

"அது மூணாவது கட்டத்துல வரும். உட்கார்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இங்க நாற்காலி ரெண்டு வகை. உட்கார்ற நாற்காலி, உட்காரக் கூடாத நாற்காலி. தயவுசெஞ்சு மாத்தி உட்கார்ந்துடாதீங்க. ரெண்டாவது வகை விலைமதிப்பில்லாதது."

"எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

"உட்கார்ந்தா தெரியும் சார். வசதியா இருந்தா, அது உட்காரக் கூடாதது."

எங்களுக்குக் கொடுத்தது மூன்று கால் நாற்காலி. முழுப் பாரத்தையும் வைத்தால் சாய்ந்துவிடும் என்று பாதிப் பாரத்தை என் காலிலேயே தாங்கி உட்கார்ந்திருந்தேன். மனைவி என் பக்கம் குனிந்து, "வீட்டுக்குப் போயிடலாங்க" என்றாள். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் சுவரில் எந்தத் துண்டு கதவு என்று மறந்துபோயிருந்தது.

முதல் தட்டு வந்தது. வெள்ளைத் தட்டு, சைக்கிள் சக்கரம் அளவுக்கு. அதில் ஒன்றுமில்லை.

"இதோட பேரு 'காத்திருப்பு'. நாலு நிமிஷம் பார்க்கணும். ஒரு மீட்டர் தள்ளி இருந்து பார்த்தீங்கன்னா நல்லா இருக்கும்."

"காலித் தட்டா இருக்கேங்க?"

"ஆமா சார். நிறையப் பேரால இத முடிக்கவே முடியாது."

நாங்கள் முடித்தோம். இரண்டாவது தட்டும் அதே அளவு. நடுவில் ஒரு துண்டு உருளைக்கிழங்கு, அதன் மேல் ஒரு சொட்டு பச்சைச் சாறு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு துண்டு.

"இது 'பசி'. எங்க தலைமைச் சமையல் கலைஞர் பசியைப் புரிஞ்சுக்கறதுக்காக ரெண்டு வருஷம் ஒரு மலை விடுதியில தங்கி ஆராய்ச்சி பண்ணினாரு. மூணு வேளையும் நல்லா சாப்பிட்டுட்டு, மத்த நேரமெல்லாம் அதே சிந்தனைதான்."

மனைவி அந்தத் துண்டைக் கரண்டியால் இரண்டாக வெட்டிப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள். நானும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவள் மடியில் போட்டிருந்த கைத்துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓரம் பிரிஞ்சு போயிருக்கு பாருங்க. இவ்வளவு பெரிய இடம், ஒரு தையல் போடக்கூடாதா?"

"தொடாதம்மா. அது எந்த வகைத் துணின்னு நமக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுக் கழிப்பறை தேடி எழுந்தேன். பயந்தால் எனக்கு அது ஒரு தொந்தரவு. ஒரு நடையில் இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்றில் வட்டம் போட்டிருந்தது. இன்னொன்றிலும் வட்டம்தான் போட்டிருந்தது. எதைத் திறந்தாலும் கத்துமோ என்று அங்கேயே இருபது நிமிஷம் நின்றேன். ஒரு ஆண் ஒரு கதவிலிருந்து வெளியே வந்த பிறகுதான் உள்ளே போனேன்.

திரும்பி வரும்போது நடையில் ஒரு அம்மாள் வேகமாக வந்து என்னை நிறுத்தினாள். கழுத்தில் அட்டை, கையில் அட்டைப் பலகை. பலகையில் படிவம். வெள்ளை, ரோஸ், மஞ்சள். நடுவில் கார்பன் தாள்.

அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததிலிருந்து எனக்குப் புரிந்த முதல் பொருள் அதுதான். கண்ணில் தண்ணீர் வராத குறை.

"நான் இங்க பதிவாளர். நீங்க கொண்டு வந்ததுக்குக் கையெழுத்து வேணும் சார்."

குடைக்குப் பேப்பர் வந்துவிட்டது என்று நினைத்தேன். படிவத்தைப் பார்த்தேன். 'பொருள்கள்: 1. விவரம்: இணைப்பு காண்க.' பொருளின் நிலையை எழுத இடமே விடவில்லை. "இதுல ஒரு கட்டம் விட்டுப்போச்சும்மா" என்று சொல்லி, ஓரத்தில் அழகாகக் கோடு போட்டு, "எண்ணிக்கை ஒன்று, நல்ல நிலையில் ஒப்படைத்தேன்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மஞ்சளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"இத்தனை வருஷத்துல ஃபாரத்தை ஒழுங்கா பூர்த்தி பண்ணின முதல் ஆள் நீங்கதான் சார்" என்றாள். நான் காற்றில் மிதக்கிற மாதிரி நடந்து போனேன். இணைப்பைப் பார்க்காமல் என் சர்வீஸில் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. அன்றைக்குப் போட்டேன்.

எங்கள் மேசையில் மனைவி இல்லை. கூடத்தின் ஓரத்தில் கூட்டம் நின்றது. கையைக் கட்டிக்கொண்டு அறுபது எழுபது பேர். எட்டிப் பார்த்தேன். சுவரை ஒட்டி ஒரு நல்ல மர நாற்காலியில், சாய்மானமாக, என் மனைவி உட்கார்ந்து கைத்துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மூன்று கால் நாற்காலியில் இடுப்பு வலித்து, வசதியாகத் தெரிந்த ஒன்றில் போய் உட்கார்ந்திருக்கிறாள். காலரிலிருந்து ஊசியை எடுத்திருக்கிறாள். நான் கழிப்பறைக்குப் போய், கையெழுத்தும் போட்டுத் திரும்பி வருவதற்குள் அவளைச் சுற்றிக் கயிறு கட்டி, மேலே விளக்குப் போட்டு, சுவரில் சீட்டும் ஒட்டிவிட்டார்கள்.

'தைப்பவள். துணி, நூல், பெண். அன்பளிப்பு: கையெழுத்து புரியாத ஒருவர்.'

முதலில் சிரித்துவிட்டேன். வாய் சிரிக்கும்போதே கை தானாகப் பையில் இருந்த மஞ்சள் தாளைத் தொட்டது. அப்போது வந்தது பாருங்கள் ஒரு பயம்.

"ஏங்க!" என்று மனைவி எழுந்தாள். அவ்வளவுதான், பீப் சத்தம் ஊளையாக மாறியது. எல்லாப் பக்கமும் சுவர்கள் டப் டப்பென்று மூடிக்கொண்டன. "சேகரிப்புப் பொருள் நகர்ந்தால் கதவுகள் பூட்டிக்கொள்ளும்" என்று ஒரு குரல் ஒலிபெருக்கியில் சொன்னது. கூட்டத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"உக்காருங்கம்மா! நாங்கல்லாம் வீட்டுக்குப் போகணும்ல?"

அவள் உட்கார்ந்தாள். ஊளை நின்றது, சுவர்கள் விலகின. அவளுக்குப் பயம் வந்தால் கை சும்மா இருக்காது. மறுபடி தைக்கத் தொடங்கினாள். "ஆஹா" என்றார் பின்னால் யாரோ.

கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடிச் சட்டம் மாட்டிய ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர்தான் காப்பாளர், சேகரிப்பில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறவர்.

"சார், உழைப்புங்கற பொருள்ல எங்ககிட்ட நாப்பத்தியொரு ஓவியம் இருக்கு. ஆனா உழைக்கிறவங்க ஒருத்தர்கூட உள்ள வந்ததில்ல. டிக்கெட்டை அப்படி வச்சிருக்கோம். நீங்கதான் முதல்ல கொண்டு வந்து குடுத்திருக்கீங்க!"

"ஐயா, அது என் சம்சாரம். சாப்பிட வந்தோம். குடைக்குன்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அடக்கமா பேசறீங்க. பெரிய கொடையாளிங்க எல்லாரும் இப்படித்தான்."

"ஏம்மா, நீயாவது சொல்லும்மா!" என்று கயிற்றுக்கு அந்தப் பக்கம் கத்தினேன். காப்பாளர் பதறிவிட்டார்.

"பேச வைக்காதீங்க சார்! பேசினா அது நாடகம் ஆயிடும். நாடகத்துக்கு வேற கட்டடம், வேற இயக்குநர். அந்த ஆளுக்கும் எங்களுக்கும் பத்து வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. இவங்களத் தூக்கிட்டுப் போய் நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் காட்சி போட்டுடுவான்."

மனைவி வாயை மூடிக்கொண்டாள். அவள் கண் பெரிதாகியிருந்தது.

"அவளுக்குப் பசிக்குங்க. ஏதாவது குடுங்க."

"சேகரிப்புப் பொருளுக்கு மூணு மீட்டருக்குள்ள சாப்பாடு கொண்டு போகக் கூடாது சார். பாருங்க, நாங்களே மேசையெல்லாம் தள்ளிப் போட்டுட்டோம்." உண்மைதான். உணவகம் முழுவதும் எதிர்ச் சுவருக்கு நகர்ந்திருந்தது. அங்கே உட்கார்ந்தவர்கள் 'பசி'யைப் பார்த்துக்கொண்டே அவளையும் பார்த்தார்கள்.

"எப்போ வெளிய விடுவீங்க?"

"விடறதா?" அவருக்குப் புரியவில்லை. "அஞ்சு மணிக்கு மூடும்போது கீழ கிடங்குக்கு அனுப்பி வைப்போம். அருமையான கிடங்கு. இருட்டு, குளிர்ச்சி, ஒரு தூசி கிடையாது. எங்க சேகரிப்புல நூத்துக்கு நாலுதான் மேல இருக்கும். மீதி எல்லாம் கீழதான். இவங்க முறை மறுபடி வர்றதுக்கு ஒரு ஒன்பது வருஷம் ஆகலாம்."

கிடங்கு என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் ஸ்டோரில் பின்வரிசை ரேக்கில் பதினெட்டு வருஷமாக ஒரு மோட்டார் இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கிறது. வருஷா வருஷம் எண்ணி எழுதுகிறேன். அதை யாரும் கேட்கவில்லை, நானும் துடைத்ததில்லை. சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு அடிக்கப் பத்து நிமிஷம். பதிவாளர் அறையைத் தேடி ஓடினேன். மூன்று பீப்.

பதிவாளர் அம்மாள் என்னை உட்கார வைத்தாள். நல்லவள்தான். ஆனால் படிவத்தில் இருப்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் தெரியாது. என்னைப் பார்க்கிற மாதிரியே இருந்தது.

"அஞ்சு மணிக்குள்ள மறுப்புத் தெரிவிக்கலாம் சார். ஆனா பொருள் உங்களோடதுன்னு நிரூபிக்கணும். உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்தது?"

"அவங்க அப்பா அம்மாகிட்ட."

"நடுவுல?"

"நடுவுல யாரும் இல்லம்மா!"

"கோபப்படாதீங்க, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். எப்படிக் கிடைச்சது? விலைக்கா, ஏலத்துலயா, தோண்டி எடுத்ததா?"

"கல்யாணம்."

"அப்படி ஒரு கட்டம் இல்ல. 'இதர'ன்னு போட்டுக்கறேன்." போட்டுக்கொண்டாள். "சரி, கடைசியா அடையாளம். வந்த உடனே எங்க நிபுணர் பொருளைப் பார்த்து இணைப்புல குறிச்சிருக்காரு. தேய்மானம், கீறல், பழுது எல்லாம் சேர்த்துப் பதினோரு குறி. அதுல மூணு சொன்னீங்கன்னா போதும்."

மூன்றுதானே என்று நினைத்தேன்.

பதினான்காம் நம்பர் ரேக்கில் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு, விரலில் தடவி எந்த அளவு போல்ட் என்று நான் சொல்லிவிடுவேன். என் மனைவிக்கு எந்தக் கையில் தழும்பு? தழும்பு இருக்கிறதா? நெற்றி வேர்த்து மூக்கில் சொட்டியது.

"கன்னத்துல... வலது கன்னத்துல ஒரு மச்சம்."

பதிவாளர் அம்மாள் இணைப்பில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். "இல்லையே சார்."

இல்லைதான். அது எங்கள் கல்யாண போட்டோவின் கண்ணாடியில் இருக்கிற புள்ளி. வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே செருப்பு மாட்டுவேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "உங்களோடதுங்கறீங்க. நீங்க பார்த்ததே இல்லையா சார்?"

மணி நான்கு இருபது. ஒன்றே ஒன்று கேட்டேன். "நான் போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

"எல்லாரும் பார்க்கலாம். வரிசையில வாங்க. ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம்."

வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். என் பெண்டாட்டியைப் பார்க்க நான் வரிசையில் நிற்கிறேன், முன்னால் இருக்கிறவன் கைப்பேசியில் படம் எடுக்கிறான். பின்னால் ஒருவர், "முதல் தடவையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

காவலர்கள் வரிசையை நான்கு நான்கு பேராக விட்டார்கள். என் முறை வந்தபோது நான்கு முப்பத்திரண்டு. வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருந்தது. மெஷின் பக்கத் தோள். கழுத்தில், அளவு நாடா எப்போதும் கிடக்கிற இடத்தில், தோல் ஒரு கோடாக வெளுத்திருந்தது. இது எப்போதிலிருந்து என்று யோசித்தேன். இடது ஆள்காட்டி விரல் நகம் நடுவில் பிளந்து, இரண்டாகவே வளர்ந்திருந்தது. ஊசி ஏறியிருக்க வேண்டும். அப்படி ஏறினால் ஒரு மனுஷி அலறியிருப்பாள். அன்றைக்கு நான் எங்கே இருந்தேன்? நூலை இடது பக்கப் பல்லால் கடித்தாள். வலது பக்கம் ஒரு பல் இல்லை. பல் பிடுங்கிய அன்றைக்கு யார் கூடப் போனார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. இந்தப் பாழாய்ப்போன கட்டடத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி என் மேலேயே விழுந்தது.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வரிசையில் மற்றவர்களோடு நான் நிற்பதையும் பார்த்தாள். வீட்டில் அப்படிப் பார்த்திருந்தால் நான் வீட்டைவிட்டே ஓடியிருப்பேன். பிறகு என்ன நினைத்தாளோ, ஊசியைத் துணியில் குத்திவிட்டு, இடது கைச் சட்டையை முழங்கை வரை மெதுவாகச் சுருட்டினாள். முன்கையில் இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்த தழும்பு.

"நேரம் ஆச்சு சார்" என்றார் காவலர்.

ஓடினேன். நகம், பல், தழும்பு என்று மூச்சு வாங்கச் சொன்னேன். தோளையும் கழுத்தையும் சேர்த்து ஐந்தாகச் சொன்னேன். பதிவாளர் அம்மாள் ஒவ்வொன்றாக டிக் போட்டாள். நான் நாற்காலியில் சரிந்தேன்.

"பொருள் உங்களோடதுதான். ஆனா சேகரிப்புல ஏறினதை நீக்கணும்னா குழு கூடணும். குழு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூடும். போன மாசம்தான் கூடிச்சு."

"அம்மா!"

"இருங்க சார். இரவலா எடுத்துட்டுப் போகலாம். ஒரு வருஷம். அப்புறம் புதுப்பிக்கணும்."

புதுப் படிவம் வந்தது. மூன்று பிரதி. இந்தத் தடவை இணைப்பை முதலில் கேட்டு வாங்கினேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரே நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அடுப்பு அனல், புகை ஆகாது. கனமான எதையும் மேலே ஏற்றக் கூடாது. இடம் மாற்றும்போது இன்னொரு ஆள் கூடவே கை கொடுக்க வேண்டும். வாரம் ஒரு தடவையாவது நல்ல வெளிச்சத்தில் பார்த்து, புதிதாக ஏதாவது கீறல் இருந்தால் எழுதி வைக்க வேண்டும்.

"இவ்வளவு விதியாம்மா?"

"இது எல்லாத்துக்கும் உள்ள பொது விதிதான் சார். ஒரு உடைஞ்ச ஜாடிக்குக்கூட இதுதான்."

எங்கள் வீட்டுச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. தண்ணீர்க் குடத்தை மாடிக்கு அவள்தான் தூக்குகிறாள். நான் பேனாவை மூடினேன்.

"இத அவகிட்ட காட்டாம நான் போட மாட்டேன்" என்றேன்.

பதிவாளருக்கு இது புதிது. பொருளிடம் படிவத்தைக் காட்டக் கூடாது என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று புத்தகத்தைப் புரட்டினாள். எழுதவில்லை. நான்கு ஐம்பத்திரண்டுக்கு நாங்கள் கயிற்றுக்கு முன்னால் இருந்தோம். கீழே கொண்டுபோவதற்குச் சக்கரம் வைத்த மரப்பெட்டியை ஏற்கெனவே கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். உள்ளே பஞ்சு பரப்பியிருந்தது. அளவு அவளுக்குச் சரியாக இருந்தது.

மனைவி அட்டைப் பலகையை வாங்கிக்கொண்டாள். படித்தாள். இணைப்பைப் படித்தாள். விதிகளை ஒரு முறை படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தாள். மரப்பெட்டிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினாள்.

படிவத்தின் கீழே இரண்டு கட்டம். 'இரவல் வாங்குபவர்', 'இரவல் தருபவர்'. தருபவர் என்ற கட்டத்தில், அழுத்தி, மூன்று பிரதியிலும் விழுகிற மாதிரி, அவள் தன் கையெழுத்தைப் போட்டாள்.

"ஐயோ, அது எங்க இயக்குநர் போட வேண்டிய இடம்!" என்று பதிவாளர் அலறினாள். "அடிச்சிட்டுப் போடச் சொல்லுங்க!"

"அடிச்சா செல்லாதேம்மா" என்றேன். படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: அடித்தல் திருத்தல் உள்ள படிவம் செல்லாது. "வேற ஃபாரம்?"

"வேற ஃபாரம் குடுக்க இயக்குநர் கையெழுத்து வேணும். அவரு 'எல்லாருக்கும் கலை'ன்னு ஒரு கூட்டத்துல பேசப் போயிருக்காரு. யாரையும் உள்ள விட மாட்டாங்க."

மணி ஐந்தாக ஒரு நிமிஷம். பதிவாளர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செல்லாத படிவத்தை நினைத்துப் பதறுவது எப்படி என்று எனக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தி, ஒரு ஸ்டோர் கீப்பர் இன்னொரு ஸ்டோர் கீப்பரிடம் பேசுகிற மாதிரி சொன்னேன்:

"செல்லும்மா. கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு, மூணுலயும் விழுந்திருக்கு. நானா இருந்தா இத வச்சு ஒரு லாரியையே வெளிய விட்டுடுவேன்."

என் கையெழுத்தையும் போட்டேன். பதிவாளர் வெள்ளையைக் கிழித்துத் தன் கோப்பில் வைத்தாள். கோப்பில் ஏறிய பிறகு அவள் முகம் தெளிந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்தார்கள். ரோஸ் பிரதியை மனைவி மடித்துக் காலருக்குள் வைத்து ஊசியைக் குத்திக்கொண்டாள். பையை மீட்டுக்கொண்டு வெளியே வந்தோம். காப்பாளர் காலியான நாற்காலியின் முன்னால் நின்று, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது காதில் விழுந்தது.

வெளியே மழை வலுத்திருந்தது. பஸ் நிறுத்தம் வரை நனைந்துகொண்டே போனோம். அங்கே போய்த்தான் கேட்டாள்.

"குடை எங்க?"

"உள்ளயே இருக்கு."

"இருக்கட்டும். அதுக்காவது நீங்க கையெழுத்துப் போடல."

பக்கத்துக் கடையில் ரொட்டியும் முட்டையும் வாங்கிக் கொடுத்தேன். நின்றபடியே நாலு ரொட்டி சாப்பிட்டாள். இடது பக்கமாக மென்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்னங்க அப்படிப் பாக்கறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

இது நடந்து பதினோரு மாதம் மூன்று வாரம் ஆகிறது. சமையலறைச் சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைத்தாயிற்று. குடத்தை நான் தூக்குகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவள் மெஷினிலிருந்து எழுந்து நடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை அந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதுகிறேன். "உங்களுக்குப் பைத்தியம்" என்கிறாள், ஆனால் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். கலைக்கூடத்திலிருந்து இதுவரை யாரும் வரவில்லை. என் பயம் இப்போது அவர்களைப் பற்றி இல்லை.

அடுத்த வாரத்தோடு இரவல் முடிகிறது. புதுப்பிக்கும் படிவத்தை நேற்றே பூர்த்தி செய்து, என் கையெழுத்தையும் போட்டு, மூன்று பிரதியாக அவள் மெஷின் மேல் வைத்தேன். தருபவர் கட்டத்தில் அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இணைப்பைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.